பிரேக் முன்கூட்டியே சொல்லும். நாம்தான் கேட்க வேண்டும்

(வாகனத் தொழிலில் உள்ள குடும்பங்களுக்காக நமது டிரஸ்ட் நடத்திய நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டங்களில் கல்வி உதவி, மருத்துவ முகாம், வட்டியில்லாக் கடன் பற்றிப் பேசுவோம். இன்று வண்டியின் பிரேக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது பட்டறையில் பேச வேண்டிய விஷயமாயிற்றே, இங்கே எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனை வீட்டு அடுப்பு வண்டியை நம்பி எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப், கேரளாவுக்குக் காய்கறியும் திராட்சையும் வாழைத்தாரும் கொண்டுபோகும் மினி வேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் ஆட்டோ, சந்தைக்குப் போகும் லோடு ஆட்டோ என்று தெருவுக்குத் தெரு வண்டி நிற்கிறது. அதில் முக்கால்வாசி டியூ கட்டி ஓடுகிற வண்டி. குமுளி மலைப்பாதையும் கம்பம்மெட்டும் போடிமெட்டும் நமக்குச் சுற்றுலா இடங்கள் அல்ல, தினமும் ஏறி இறங்கும் வேலைப் பாதைகள்.

அதனால் ஒரே ஒரு செய்தியை எல்லோர் மனதிலும் பதிய வைக்க விரும்புகிறோம். விபத்துக்குப் பிறகு "திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை" என்று சொல்வது வழக்கம். உண்மையில் பிரேக் திடீரென்று போவது அபூர்வம். பெரும்பாலும் பல நாட்களுக்கு முன்பிருந்தே அது சொல்லிக்கொண்டுதான் இருக்கும். பெடலில் சொல்லும், சத்தத்தில் சொல்லும், வாடையில் சொல்லும், வீட்டு வாசலில் சொட்டும் ஈரத்தில் சொல்லும். அதைக் கேட்கத் தெரிந்த குடும்பம் பிழைத்துக்கொள்கிறது.

எங்கள் உதவிக் குழுவுக்கு வந்த ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். லோடு ஆட்டோ ஓட்டும் ஒரு சகோதரர். கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. வண்டி பட்டறையில், டியூ பாக்கி, மூத்த மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரம். விசாரிக்கப் போனபோது அவருடைய மனைவி சொன்னார்: "ஒரு மாசமா வாரத்துக்கு ஒரு பாட்டில் பிரேக் ஆயில் வாங்கி ஊத்திக்கிட்டுத்தான் இருந்தாங்க. சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்னாங்க." அந்த ஒரு மாதமும் பிரேக் பேசிக்கொண்டிருந்தது. ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து ஒழுகியதுதான் விஷயம். அரை நாள் வேலை. அதைத் தள்ளிப் போட்டதற்கு மூன்று மாத வருமானம் போனது. அல்லாஹ்வின் கிருபையால் உயிர் தப்பியது. எதிரே வந்தவருக்கும் பெரிய காயமில்லை.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

ஓட்டுநர் சகோதரர்களுக்கு இது தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் என்ற பகுதி பிரேக் ஆயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகிறது. சக்கரத்தில் உள்ள சின்ன சிலிண்டர் விரிந்து, பிரேக் ஷூவைத் தள்ளி, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் உரச வைக்கிறது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்தான் உரசித் தேய்வது. டிஸ்க் பிரேக் என்றால் டிரம்முக்குப் பதிலாக ஒரு தட்டு, ஷூவுக்குப் பதிலாக பேட். நம்மிடம் ஓடும் ஆட்டோக்களில் பெரும்பாலும் டிரம் பிரேக்தான். மினி வேன்கள் பலவற்றில் முன்னே டிஸ்க், பின்னே டிரம்.

ஹேண்ட் பிரேக் தனிக் கேபிளில் வேலை செய்வது. ஆயில் முழுவதும் ஒழுகிப் போனாலும் அது பிடிக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிரேக் வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுகிறது. அந்தச் சூடு எவ்வளவு என்று ஒரு கணக்கு சொல்கிறோம். ஆட்களோடும் சரக்கோடும் சேர்த்து 2,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி மலையில் 400 மீட்டர் உயரம் இறங்கினால், வெளியேற வேண்டிய சக்தி ஏறக்குறைய 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு தேக்சா நிறைய உலை! காற்றும் டயரும் இன்ஜினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். இன்ஜினை வேலை செய்யவிடாமல் நியூட்ரலில் இறக்கினால் அநேகமாக எல்லாச் சூடும் அந்தச் சின்ன டிரம்களின் தலையில்தான் விழும்.

வேகத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நல்ல பிரேக் சுமார் 12 மீட்டரில் நிறுத்துகிறது என்றால், அதே பிரேக் 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 28 மீட்டர் எடுக்கும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் நிற்கும் தூரம் இரண்டேகால் மடங்கு கூடுகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பெடலுக்குப் போவதற்குள் கடக்கும் தூரம் இதில் சேரவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் வண்டி ஓடிவிடும்.

பிரேக் சொல்லும் அறிகுறிகள்

இவற்றை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். என்ன அறிகுறி, எதனால், என்ன செய்வது என்று சொல்கிறோம்.

முதலாவது, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போவது. ஒரு முறை மிதித்தால் கீழே போகிறது, உடனே மறுபடி மிதித்தால் மேலே வந்து பிடிக்கிறது என்றால், பெரும்பாலும் லைனிங் தேய்ந்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும். அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். லைனிங் மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். "ரெண்டு தடவ மிதிச்சா பிடிக்குதுல்ல" என்று ஓட்டக் கூடாது. குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வரும்போது இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்காது.

இரண்டாவது, பெடல் பஞ்சு போல அமுங்குவது. இது குழாயில் காற்று புகுந்ததன் அடையாளம். ஆயில் அழுந்தாது, காற்று அழுந்தும். மெக்கானிக்கிடம் ஏர் எடுக்கச் சொல்ல வேண்டும். அதோடு காற்று எந்த வழியாகப் புகுந்தது என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். காற்று நுழைந்த இடத்தில் ஆயில் வெளியே வர வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, பெடலை ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடித்திருக்கும்போது மெதுவாகக் கீழே இறங்குவது. எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் தேய்ந்துவிட்டது. உள்ளே தேய்ந்திருந்தால் வெளியில் ஒரு சொட்டு ஆயில்கூடத் தெரியாது, டப்பாவிலும் அளவு குறையாது. இந்த அறிகுறி கண்ட வண்டியை அன்றைக்கே நிறுத்த வேண்டும். மலைக்கு எடுக்கவே கூடாது.

நான்காவது, பெடல் கல் போல இறுகியிருந்தும் வண்டி நிற்காதது. லைனிங் சூட்டில் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கலாம், அல்லது அதில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம். வேன்களில் வேக்குவம் பூஸ்டர் பழுதானாலும் இப்படி ஆகும். பூஸ்டரை நீங்களே சோதிக்கலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை பெடலை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே இன்ஜினைப் போடுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமல் இருந்தால் பட்டறைக்குப் போக வேண்டும்.

ஐந்தாவது, பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது. ஒரு பக்கத்துச் சக்கரம் பிடிக்கிறது, மறுபக்கம் பிடிக்கவில்லை என்று பொருள். முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால் ஒரு பக்க வீல் சிலிண்டர் இறுகியிருக்கும் அல்லது ஒழுகியிருக்கும். ஆட்டோவுக்கு முன்னே ஒரே சக்கரம் என்பதால், இழுப்பு வந்தால் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மழை ஈரத்தில் இந்த இழுப்புதான் வண்டியைத் திருப்பிப் போடுவது.

ஆறாவது, சத்தம். லேசான கீச்சென்ற சத்தம் தூசியாலும் வரலாம். இரும்பும் இரும்பும் அறுக்கும் கரகரப்புச் சத்தம் வந்தால் லைனிங் தீர்ந்துபோய் ரிவிட் டிரம்மை அறுக்கிறது. இன்று லைனிங் மட்டும் மாற்றினால் போதும் என்பது அடுத்த வாரம் டிரம்மும் சேர்த்து மாற்றும் செலவாக வளர்ந்துவிடும்.

ஏழாவது, வாடையும் சூடும். பிரேக்கையே தொடாமல் சமதரையில் ஓட்டி வந்தும் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, மைலேஜ் குறைகிறது என்றால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அட்ஜஸ்ட்மென்ட் இறுக்கமாக இருக்கலாம், ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்திருக்கலாம். டிரம்மைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். புறங்கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாலே நாலு சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

காலையில் ஒரு மூன்று நிமிடம்

பஜ்ரு தொழுதுவிட்டு வண்டியை எடுப்பவர்கள் நம்மில் அதிகம். சாவி போடும் முன் மூன்று நிமிடம் ஒதுக்குங்கள்.

வண்டி நின்ற இடத்தில், குறிப்பாகச் சக்கரங்களுக்கு உட்பக்கம், ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா பாருங்கள். பெடலை அழுத்தி 30 வரை எண்ணுங்கள், இறங்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது. பிறகு தெருவிலேயே நடை வேகத்தில் ஒரு முறை பிரேக் போட்டுப் பாருங்கள். இவ்வளவுதான். மெயின் ரோட்டில் ஏறிய பிறகு சோதிப்பது சோதனையாகாது.

தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்தாலும், வண்டியைக் கழுவினாலும், நனைந்த லைனிங் சிறிது நேரம் பிடிக்காது. மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து உலர்த்திய பிறகுதான் வேகம் எடுக்க வேண்டும்.

பிரேக் ஆயில்: சின்ன பாட்டில், பெரிய விஷயம்

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 3 என்று குறித்த புது ஆயில் குறைந்தது 205 டிகிரி சூடு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்குத் தரவிதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறிய பின் 155. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். அப்போது மிதித்த பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. வண்டி ஆறிய பிறகு பார்த்தால் பிரேக் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும். "நல்லாத்தான் இருந்துச்சு, எப்படிப் போச்சுன்னே தெரியல" என்று சொல்லும் சம்பவங்களில் இப்படிப்பட்டவையும் உண்டு.

ஆகவே ஆயிலை வண்டியின் கையேட்டில் சொன்ன காலத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுங்கள். கையேடு இல்லாதவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். தினம் மலை ஏறுபவர்கள் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது. எந்த ரகம் என்று டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். மாதக்கணக்கில் திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருப்பதை ஊற்ற வேண்டாம். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ வேறு எந்த ஆயிலையோ ஒருபோதும் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போய் மொத்த அமைப்பும் கெட்டுவிடும்.

லைனிங் தேயத் தேய ஆயில் அளவு மிக மெதுவாகக் குறைவது இயல்பு. வாரத்துக்கு வாரம் ஊற்ற வேண்டியிருந்தால் அது ஒழுகல். ஊற்றுவது வைத்தியம் ஆகாது.

பட்டறையில் நாம் கேட்க வேண்டியவை

நம் மெக்கானிக் சகோதரர்கள் கைத்தேர்ச்சி உள்ளவர்கள். ஆனால் "சீக்கிரம் முடிச்சுக் குடுங்கண்ணே, லோடு நிக்குது" என்று நாம் அவசரப்படுத்தினால் வேலை அரைகுறையாகிறது. நாலு விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள்.

லைனிங் மாற்றினால் ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல், இடம் வலம் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஆயில் ஊறிய லைனிங்கைத் துடைத்து மறுபடி போட அனுமதிக்காதீர்கள். டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டர் ரப்பர், ஸ்பிரிங், கேபிள் மூன்றையும் ஒரே சமயத்தில் பார்க்கச் சொல்லுங்கள். டிரம்மைக் கடைந்து கடைந்து அளவு மீறிப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள்; மெலிந்த டிரம் சூட்டைத் தாங்காது.

புது லைனிங் போட்ட அன்றே மலை ஏற வேண்டாம். சமதரையில் மென்மையாகப் பிரேக் போட்டு ஓட்டி, லைனிங் டிரம்மோடு படிந்த பிறகுதான் மலைக்கு எடுக்க வேண்டும்.

பட்டறையில் வேலை பழகும் நம் பிள்ளைகளுக்காகவும் ஒரு வார்த்தை. டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவும் கூடாது, காற்றுக் குழாயால் அடிக்கவும் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், முகத்தை மூடிக்கொள்ளுங்கள். பட்டறை நடத்தும் பெரியவர்கள் இதைச் சொந்தப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்ல வேண்டும்.

மலை இறங்கும்போது

போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏறும்போது இன்ஜினுக்குச் சோதனை, மாலையில் இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை. மாலையில் ஜீப் நிறையத் தோட்டத்து ஆட்கள், ஓட்டுநருக்குக் களைப்பு, வீடு சேரும் அவசரம். ஐயப்ப சீசனில் வெளியூர் வண்டிகளின் நெரிசலும் சேர்ந்துகொள்ளும்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரல் போடாதீர்கள். இன்ஜினை ஆஃப் செய்து இறங்குவது அதைவிட மோசம், பூஸ்டரும் கைவிட்டுவிடும். பிரேக் மீது காலை வைத்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிரம் ஆறும்.

கருகிய வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ, இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். சக்கரத்துக்குக் கட்டையோ கல்லோ கொடுத்து, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் வெடிப்பு விடும். ஏறியிருப்பவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். அவர்களை வீடு சேர்ப்பதுதான் நம் பொறுப்பு. நேரத்துக்குச் சேர்ப்பது அதற்கு அடுத்தது.

அப்படியும் ஒரு வேளை பிரேக் பிடிக்காமல் போனால் என்ன செய்வது? பதறாமல் பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். சில சமயம் கொஞ்சம் பிடிமானம் திரும்பி வரும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். இன்ஜினை அணைக்காதீர்கள். ஹாரன் அடித்து, விளக்குப் போட்டு எதிரே வருபவர்களை எச்சரியுங்கள். பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கி, மண்மேட்டில் பக்கவாட்டில் உரசி நிறுத்துங்கள். வண்டியின் தகரம் போனால் போகட்டும்.

எலக்ட்ரிக் ஆட்டோ வாங்கியவர்களுக்கு

இப்போது நம் தெருக்களிலும் எலக்ட்ரிக் ஆட்டோ ஓடுகிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் வசதி பல வண்டிகளில் உண்டு. நல்ல வசதிதான். ஆனால் அதை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது. பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்போது அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். காலையில் முழுச் சார்ஜோடு கிளம்பி முதல் இறக்கத்தில் இறங்கும்போது, நேற்று மாலை இருந்த பிடிப்பு இன்று இல்லையே என்று திகைக்க நேரும். அவசரத்தில் வண்டியை நிறுத்துவது வழக்கமான ஷூவும் டிரம்மும் ஆயிலும்தான். குறைவாகப் பயன்படுவதால் அவற்றில் துருவும் இறுக்கமும் வரும், கவனிக்காமலும் விட்டுவிடுவோம். ஆகவே காலை மூன்று நிமிடச் சோதனை இந்த வண்டிகளுக்கும் கட்டாயம்.

பாரமும் காகிதமும்

எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும், வண்டிக்கு என்று குறித்த எடைக்குத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. அளவுக்கு மேல் மூட்டை ஏற்றினால் பிரேக்கை நாமே பலவீனப்படுத்துகிறோம். சரக்கு வண்டியில் அளவு மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. இரண்டு நடையில் போக வேண்டியதை ஒரே நடையில் ஏற்றி மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது பாருங்கள்.

எஃப்.சி. புது வண்டி 8 ஆண்டு ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். எஃப்.சி. நாளுக்காக மட்டும் பிரேக் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டில் ஒரு நாள் பார்க்கும் அதிகாரியைவிட, 365 நாளும் அதே வண்டியில் உட்காருபவருக்கே கவலை அதிகம் இருக்க வேண்டும். எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் காலாவதியாகிக் கிடந்தால், விபத்து நடந்த பிறகு இழப்பீட்டுச் சுமை உரிமையாளர் தலையில் விழும் நிலை வரலாம். வீட்டை விற்றாலும் அடைக்க முடியாத கடன் அது.

வீட்டில் இருப்பவர்களின் பங்கு

தாய்மார்களே, சகோதரிகளே, உங்களையும் இந்தக் கூட்டத்துக்கு அழைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வீட்டு வரவு செலவு உங்கள் கையில். பிரேக் ஆயில் பாட்டில் அடிக்கடி வருகிறதா என்பது உங்களுக்குத் தெரியும். வாசல் கூட்டும்போது சக்கரம் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை தெரிந்தால் முதலில் பார்ப்பது நீங்கள்தான். ராத்திரி சாப்பாடு வைக்கும்போது "இன்னைக்கு எவ்வளவு கிடைச்சுது?" என்று கேட்பதோடு, "பிரேக் எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள். பிள்ளைகளும் "அத்தா, பிரேக் பாத்தீங்களா?" என்று கேட்கட்டும். மெக்கானிக் சொல்லி மசியாதவர்கூடப் பெற்ற மகள் கேட்டால் யோசிப்பார்.

டியூவுக்கு எடுத்து வைப்பது போல, தினமும் ஒரு சிறு தொகையைத் தனி டப்பாவில் "பிரேக் காசு" என்று போட்டு வையுங்கள். லைனிங் தேய்வது நிச்சயம், ரப்பர் கெடுவது நிச்சயம், ஆயில் பழசாவது நிச்சயம். நிச்சயமாக வரப்போகும் செலவைத் திடீர்ச் செலவு என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

அப்படியும் கை கடித்தால், தயங்காமல் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பிரேக் வேலைக்காகக் கேட்கப்படும் வட்டியில்லாக் கடனை மற்ற விண்ணப்பங்களோடு வரிசையில் நிறுத்தாமல் முதலில் பார்ப்பது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. பட்டறையில் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டு போதும். விபத்துக்குப் பிறகு மருத்துவ உதவி கொடுப்பதைவிட, விபத்துக்கு முன் லைனிங் மாற்ற உதவுவது எங்களுக்கும் மனநிறைவு.

சகோதரர்களே! ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பிறகு இறைவன் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபிமொழி நம் எல்லோருக்கும் தெரிந்ததே. வண்டியில் பிஸ்மில்லாஹ் எழுதி வைத்திருக்கிறோம், பயண துஆவும் ஓதுகிறோம். பிரேக்கைச் சரிபார்ப்பது அந்தக் கயிற்றைக் கட்டுவது போன்றது. நம் வண்டியில் ஏறும் ஒவ்வொருவரும், எந்த மதத்தவராக இருந்தாலும், தோட்டத்துக் கூலியாளாக இருந்தாலும், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும், இறங்கும் வரை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எதிரே நடந்து வருபவரும் அப்படித்தான்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் அந்த மூன்று நிமிடத்தை ஒதுக்குங்கள். ஏதேனும் ஒரு அறிகுறி தென்பட்டால் அன்றைய சவாரியை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். போன சவாரியை மறுநாள் பிடித்துக்கொள்ளலாம்.

நம் ஓட்டுநர்கள் அனைவரையும், அவர்களோடு பயணம் செய்பவர்களையும், பாதையில் நடப்பவர்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.